எது நடந்தால் தோற்பாய்? பிரக்ஞைக் கோட்பாடுகளை எடைபோடும் வேலை

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவோடு ஒட்டிச் சரிந்தபடி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 1970-ல் அது இயங்கத் தொடங்கியது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அந்தச் சரிவைத் தேடிப்பிடித்ததற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. சரிவும் வடக்கு தெற்காக அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். சீசனுக்கு வருகிறவர்கள் "பெரிய ஆன்டெனா" என்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நமக்குள் உணர்வு எப்படிப் பிறக்கிறது என்று விளக்கும் பிரக்ஞைக் கோட்பாடுகளை எப்படிச் சோதிப்பது என்று பார்க்கும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதுதான்.

1960-களில் அண்டவியலில் இரண்டு கோட்பாடுகள் மோதிக்கொண்டிருந்தன. அண்டம் எந்தக் காலத்திலும் சராசரியாக ஒரே மாதிரி இருக்கிறது என்றது நிலைமாறா அண்டக் கோட்பாடு. அது உண்மையானால் மங்கலான, தொலைதூர ரேடியோ மூலங்களின் எண்ணிக்கையும் அளவும் ஒரு குறிப்பிட்ட கணக்குக்குள் அடங்கியே ஆகவேண்டும். வளைந்துகொடுக்க அந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை. பெருவெடிப்புக் கோட்பாட்டிலோ மூலங்கள் காலப்போக்கில் மாறியிருக்கலாம். நிலவு ஒரு மூலத்தை மறைக்கும்போது அதன் சமிக்ஞை எப்படித் தேய்கிறது என்று பதிவுசெய்தால், மூலத்தின் கோண அளவு கிடைக்கும். முத்தோரையில் இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தார்கள். 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள் நிலைமாறா அண்டத்தோடு பொருந்தவில்லை. 1965-ல் அண்டம் முழுதும் பரவிய பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டபோதே அந்தக் கோட்பாடு ஆட்டம் கண்டிருந்தது. முத்தோரை முற்றிலும் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பழனி மலையில் இதற்கும் முந்தைய உதாரணம் இருக்கிறது. 1909-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு எப்படி நகர்கிறது என்று பார்த்தார். சுழல்கிறதா, மையத்திலிருந்து வெளியே பாய்கிறதா? சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு புள்ளியில் நிறமாலைமானியில் ஒளி நுழையும் பிளவை இரண்டு விதமாக வைக்கலாம். வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் நிறமாலைக் கோடுகள் இடம்பெயரும். சுழற்சி என்றால், வட்ட மையத்தை நோக்கிய கோட்டுக்குக் குறுக்காகப் பிளவை வைக்கும்போது நிறமாலைக் கோடுகள் இடம்பெயர வேண்டும். வெளிப்பாய்வு என்றால் அந்தக் கோட்டின் போக்கிலேயே வைக்கும்போது பெயர வேண்டும். பெயர்ச்சி தெரிந்தது கோட்டின் போக்கில். பிளவைத் திருப்புகிற ஒரு காரியம், இரண்டு கருத்துகளையும் வெவ்வேறு விடை சொல்ல வைத்தது.

பிரக்ஞை ஆய்வில் இன்று பற்றாக்குறை இந்த வகைச் சான்றுக்குத்தான். மூளைப் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை, கோட்பாடுகளுக்கும் இல்லை. 2022-ல் அனில் சேத்தும் டிம் பெய்னும் எழுதிய ஆய்வுரையில் 22 கோட்பாடுகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் சோதித்தும் பட்டியல் சுருங்கவில்லை என்றால், சோதனைகளின் அமைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

களத்தில் இருப்பவர்கள்

நான்கைச் சொன்னால் இங்கே போதும். பொதுமேடைக் கோட்பாடு: பெர்னார்ட் பார்ஸ் 1988-ல் முன்வைத்தது; ஸ்டனிஸ்லாஸ் டெஹேனும் ழான்-பியர் ஷான்ஜோவும் அதை நரம்பணுக்களின் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தகவல் மூளையின் பல பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும்போது நாம் அதை உணர்கிறோம். அந்த ஒலிபரப்பில் நெற்றிப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருங்கிணைவுக் கோட்பாடு: ஜூலியோ டோனோனி 2004-ல் தொடங்கியது. (இதன் ஆங்கிலச் சுருக்கத்தை எழுதினால் நம்மூரில் நுழைவுத் தேர்வுதான் நினைவுக்கு வரும், எனவே முழுப்பெயர்.) ஓர் அமைப்பு தன்மேல் தானே செலுத்தும் காரண வலிமை எவ்வளவு பின்னிப் பிணைந்திருக்கிறதோ அவ்வளவு பிரக்ஞை. அதற்கு உகந்த இடம் மூளையின் பின்பகுதி என்பது அவர்கள் கட்சி. மீள்சுற்றுக் கோட்பாடு: விக்டர் லாம் 2000-ல் சொன்னது, பார்வைப் பகுதிக்குள் முன்னே போன சமிக்ஞை திரும்பி வந்தாலே உணர்வு பிறந்துவிடுகிறது. மேல்நிலைக் கோட்பாடுகள்: டேவிட் ரோசன்தால், ஹக்வான் லாவ் போன்றோர் சொல்வது, மூளை தன் நிலையைத் தானே பிரதிநிதித்துவம் செய்தால்தான் உணர்வு.

எல்லோருக்கும் பிடித்த சான்று யாருக்கும் உதவாது

கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்: மறைக்கப்பட்ட முன்தூண்டல். திரையில் ஓர் எண் வருகிறது. அது 5-ஐவிடப் பெரியதா சிறியதா என்று பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குச் சற்று முன் இன்னோர் எண், கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு குறுகிய நேரம் வந்துபோகிறது. இரண்டும் ஒரே பக்கம் என்றால் விடை சில மில்லிசெகண்ட் வேகமாக வரும். எதிரெதிர் என்றால் தாமதமாகும்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். எனவே நேரத்தை மில்லிசெகண்டில் யோசிக்காமல் ஃபிரேமில் யோசியுங்கள்: எழுத்துகளின் குழப்பமான குவியலாக ஒரு மறைப்பு 6 ஃபிரேம், முன்தூண்டல் எண் 2 ஃபிரேம் (33 மில்லிசெகண்ட்), மறுபடி மறைப்பு 4 ஃபிரேம், பிறகு இலக்கு எண் 12 ஃபிரேம். 40 மில்லிசெகண்ட் என்று நிரலில் எழுதினால் திரை அதை 33 ஆகவோ 50 ஆகவோதான் காட்டும். எது என்று உங்களிடம் சொல்லாது. சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் கணக்கிலேயே அமைக்கலாம். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது மின்சேமிப்பு முறை திரையின் புதுப்பிப்பு வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். பருவமழையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் மின்சாரம் போய்ப் போய் வரும், யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கினால் பாதித் தரவு ஒரு திரை வேகத்திலும் மீதி இன்னொன்றிலும் இருக்கும். திரையின் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரத்தை முன்தூண்டலோடு சேர்த்து மின்னவிட்டு, அதன்மேல் ஒளியுணரி ஒட்டி ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையில் பதிவெடுப்பது சரியான வழி. கையில் அது இல்லையென்றால் கைபேசியில் 240 ஃபிரேம் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படமும் 4.2 மில்லிசெகண்ட். 2 ஃபிரேம் எண் எட்டு படங்களுக்கு மேல் நீடித்தால் எங்கோ கோளாறு.

எண்களுக்குப் பதில் தமிழ் எழுத்துகளை வைப்பவர்கள் கறுப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சமன்செய்ய வேண்டும். 'ட'வுக்கு இரண்டே கோடு. 'ஞ'வுக்கு அதைப்போல் பலமடங்கு மை. சமன்செய்யாமல் விட்டால் பங்கேற்பவர் எழுத்தைப் படிக்காமலேயே திரையின் கருமையைவைத்து ஊகித்துவிடுவார். சுவரிலிருந்து திரையில் விழும் வெளிச்சமும் ஒரு தொல்லை. மஞ்சு ஏறி இறங்கும் ஊரில் ஜன்னல் வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டு ஒரே விளக்கில் நடத்துவதுதான் வழி.

பெரும்பாலான சோதனைகள் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்: முன்தூண்டல் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை என்று எப்படி நிறுவுவது? "தெரிந்ததா?" என்று கேட்டு "இல்லை" என்று வாங்கினால் போதாது. தயக்கக்காரர் அரைகுறையாகப் பார்த்ததையும் இல்லை என்பார். எனவே மறைந்த எண் பெரியதா சிறியதா என்று ஊகித்தாவது சொல்லவைக்கும் கட்டாயத் தேர்வு வைத்து, இரண்டையும் எவ்வளவு பிரித்தறிகிறார் என்று காட்டும் டி-பிரைம் என்ற அளவைக் கணக்கிடுகிறார்கள்; பூஜ்யம் என்றால் வெறும் ஊகம். எண் பெரியதாக இருந்தபோது 60 சதவீதம் "பெரியது", சிறியதாக இருந்தபோதும் 50 சதவீதம் "பெரியது" என்றால் டி-பிரைம் சுமார் 0.25. இது பூஜ்யமா இல்லையா? ஒரு நபருக்கு 40 முறை மட்டும் கேட்டிருந்தால் இதன் திட்டப்பிழை ஏறக்குறைய 0.4. அதாவது 95 சதவீத எல்லை இருபுறமும் 0.78. பூஜ்யத்தோடும் ஒத்துப்போகும், நன்றாகத் தெரிகிறது என்பதோடும் ஒத்துப்போகும். 400 முறை கேட்டால் பிழை 0.125 ஆகும், எல்லை 0.25 ஆகச் சுருங்கும். 40 முறை கேட்டு "புள்ளியியல்ரீதியாகப் பூஜ்யத்திலிருந்து வேறுபடவில்லை, ஆகவே பிரக்ஞையற்றது" என்று எழுதிய கட்டுரைகள் எத்தனை எத்தனையோ. இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது: டி-பிரைம் அதிகமாக வந்தவர்களை மட்டும் பின்னால் கழித்துவிடுவது. அளவில் பிழை இருப்பதால், தற்செயலாகக் குறைவாக வந்தவர்கள் உள்ளே தங்கிவிடுவார்கள். மறுபடி அளந்தால் அவர்களின் மதிப்பு மேலே ஏறும். டேவிட் ஷாங்க்ஸ் 2017-ல் இதை விரிவாகக் காட்டினார்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, தெரியாத எண்ணும் அர்த்த அளவில் வேலைசெய்கிறது என்று காட்டிவிட்டீர்கள். எந்தக் கோட்பாடு வென்றது? எதுவுமில்லை. பொதுமேடைக்காரர் "ஒலிபரப்பாகாத தகவல்" என்பார். மீள்சுற்றுக்காரர் "முன்னோக்கிய ஓட்டம் மட்டும்" என்பார். மேல்நிலைக்காரர் "மேல்நிலைப் பிரதிநிதித்துவம் இல்லை" என்பார். நால்வரும் இதை முன்பே எதிர்பார்த்தார்கள்.

சிறுமூளையும் இப்படித்தான். மூளையின் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்களில் 69 பில்லியன் அங்கேதான் இருக்கின்றன. அதைப் பெருமளவு இழந்தவர்களும் நடை தள்ளாடினாலும் பிரக்ஞையோடு இருக்கிறார்கள். நரம்பணு எண்ணிக்கைதான் பிரக்ஞை என்ற கருத்தை இது அடியோடு வீழ்த்துகிறது. ஆனால் அந்தக் கருத்தைக் கட்டிப்பிடித்தவர் யாரும் இன்று களத்தில் இல்லை. ஒருங்கிணைவுக்காரர் சிறுமூளையின் துண்டுதுண்டான அமைப்பைச் சுட்டுவார். பொதுமேடைக்காரர் அது மேடைக்கு வெளியே என்பார்.

கணக்கு

சான்றின் எடை, ஒரு விகிதம். ஒரு கோட்பாடு உண்மையானால் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, மற்றது உண்மையானால் எவ்வளவு வாய்ப்பு. ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். முதல் கோட்பாட்டின்படி 0.9, இரண்டாவதின்படி 0.8 என்றால் விகிதம் 1.125. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துச் சோதனைகள் இதே மாதிரி வந்தால் 1.125-ஐப் பத்துமுறை பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 3.25. இரண்டு கோட்பாடுகளும் 0.8, 0.2 என்று முகம் திருப்பிக்கொள்ளும் ஒரே ஒரு சோதனையின் விகிதம் 4. பத்துக் கட்டுரைகளின் மொத்த எடை அந்த ஒரு சோதனையைவிடக் குறைவு. "எங்கள் கோட்பாட்டுக்கு ஆதரவாக நூறு ஆய்வுகள்" என்று யாராவது சொன்னால், அந்த நூறும் எதிரியின் கணிப்போடு எத்தனை இடத்தில் முரண்பட்டன என்று கேளுங்கள்.

அந்த நூறும் தொடர்பற்றவையா என்பது அடுத்த கேள்வி. 2022-ல் இடாய் யாரோன், லூசியா மெல்லோனி, மைக்கேல் பிட்ஸ், லியாட் முட்ரிக் ஆகியோர் 412 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மூளையில் என்ன தெரிந்தது என்பதைப் பார்க்காமல், எந்தக் கருவி, எந்த வகைப் பணி, பங்கேற்பவர் விடை சொன்னாரா இல்லையா என்ற முறைத் தேர்வுகளை மட்டும் கணினிக்குக் கொடுத்தால், அந்தச் சோதனை எந்தக் கோட்பாட்டை ஆதரித்தது என்று சுமார் 80 சதவீதம் சரியாகச் சொல்லிவிடுகிறது. இதைப் படித்தபின் இந்தத் துறையின் ஆய்வுத் தொகுப்புரைகளை எண்ணிக்கைவைத்து நம்புவது கடினம். வலை எப்படியோ மீன் அப்படி.

சொன்னதும் உணர்ந்ததும்

முறைத் தேர்வு முடிவை இழுப்பதற்குச் சிறந்த உதாரணம் பி3பி என்ற மூளை அலை. ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொல்லும்போது, அது திரையில் வந்து சுமார் 300 மில்லிசெகண்டுக்குப் பின், தலைமேல் மின்முனை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் உச்சந்தலைப் பக்கம் ஒரு பெரிய நேர்மின் அலை தெரியும். காணாதபோது இல்லை. பல ஆண்டுகளாக இது பொதுமேடையின் கையெழுத்தாகவே கருதப்பட்டது. சிக்கல்: அந்தச் சோதனைகளில் கண்டவர் கண்டதைச் சொல்லவும் வேண்டியிருந்தது. அலை காண்பதற்கா, சொல்லத் தயாராவதற்கா?

பிட்ஸ் குழு 2012-ல் இதைப் பிரித்துப் பார்த்த விதம் எவர்ஷெட் பிளவைத் திருப்பியதற்கு ஒப்பானது. மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பங்கேற்பவர் வேறொரு பணியில் மூழ்கியிருக்க, நடுவில் கோடுகள் அவ்வப்போது சதுரமாகக் கூடும். சதுரம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. கட்டம் முடிந்ததும் கேள்விகள் கேட்கப்படும். அதோடு எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் பணி அதேதான், ஆனால் இப்போது சதுரம் கண்ணில் படுகிறது. மூன்றாம் கட்டத்தில் சதுரத்தைக் கண்டுபிடிப்பதே பணி. கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் 200 மில்லிசெகண்டுக்குச் சற்றுப் பின்னால் மூளையின் பின்பகுதியில் ஓர் எதிர்மின் அலை வந்தது. பி3பி வந்தது மூன்றாம் கட்டத்தில் மட்டும். இரண்டாம் கட்டம்தான் முழு எடையையும் சுமக்கிறது: பார்த்தார்கள், ஆனால் சொல்ல வேண்டியதில்லை.

இருகண் போட்டியிலும் இதே கதை. ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறொன்று காட்டினால் இரண்டும் மாறிமாறித் தெரியும். 2014-ல் ஸ்டெஃபான் ஃப்ரேஸ்லே குழு, பொத்தான் அழுத்தச் சொல்லாமல் கண்ணசைவையும் கண்பாவை விரிவையும் வைத்தே எந்தப் படம் தெரிகிறது என்று கண்டுகொண்டது. அப்போது நெற்றிப்பகுதியின் செயல்பாடு பெருமளவு தணிந்தது.

இத்தோடு பொதுமேடை சரிந்துவிட்டது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். பி3பி போனால் போகட்டும், ஒலிபரப்பு வேறு வடிவில் இருக்கலாம் அல்லவா? 2021-ல் கிளேர் செர்ஜென்ட் குழு ஒலிகளைக்கொண்டு செய்த சோதனையில், விடை சொல்லாமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் 250 மில்லிசெகண்டுக்கு மேல் மூளையின் செயல்பாடு, ஒலி கேட்டபோது ஒன்று, கேட்காதபோது ஒன்று என இரண்டு பாதைகளாகப் பிரிவது தெரிந்தது. ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: விடை சொல்லாத சோதனையில், பங்கேற்பவர் தனக்குள் "இதோ சதுரம்" என்று நினைத்துக்கொள்வதைத் தடுக்க வழியில்லை. சொல்லை நீக்கலாம், எண்ணத்தை நீக்க முடியாது.

மருத்துவமனையில் வேலைசெய்யும் எண்

மலைப்பாதை விபத்தில் தலையில் அடிபட்டு, கோவையில் சேர்க்கப்பட்டு, கண் திறந்தும் பதில் சொல்லாமல் கிடப்பவரின் வீட்டார் கேட்பது ஒன்றே: "நாங்க பேசறது அவருக்குக் கேட்குதா டாக்டர்?" இதற்கு இன்று ஓரளவு விடை உண்டு. காந்தத் துடிப்பால் மூளையின் ஓர் இடத்தைத் தட்டி, இ.இ.ஜி.யில் எதிரொலி எப்படிப் பரவுகிறது என்று பதிந்து, அந்தப் பதிவை ஒரு கணினிக் கோப்பைப் போல் சுருக்கிப் பார்க்கிறார்கள். எதிரொலி ஒரே இடத்தில் அடங்கினாலும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவினாலும் பதிவு எளிதில் சுருங்கும். பரந்தும் வேறுபட்டும் இருந்தால் சுருங்காது. எவ்வளவு சுருங்க மறுக்கிறது என்பதை ஓர் எண்ணாக்குகிறார்கள். 2016-ல் சில்வியா கசரோட்டோ குழு, தங்கள் அனுபவத்தைத் தாங்களே சொல்லக்கூடிய 150 பேரிடம் அளந்து 0.31 என்ற எல்லையைக் குறித்தது. ஆழ்ந்த உறக்கமும் மயக்கமும் அதற்குக் கீழே. விழிப்பும் கனவும் மேலே. கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்து அசைவின்றிக் கிடந்தாலும் உள்ளே கனவு ஓடுகிறவர்கள் மேலேதான் வருகிறார்கள்.

அருமையான கருவி. ஒருங்கிணைவுக் கோட்பாட்டின் தூண்டுதலால் பிறந்ததும் உண்மை. அதனால் அந்தக் கோட்பாட்டுக்கு எடை கூடுகிறதா? சிறிதளவே. விழித்த மூளையில் தூண்டல் பரந்தும் சிக்கலாகவும் பரவும் என்று பொதுமேடையும் எதிர்பார்க்கிறது. கோட்பாடு கேட்கும் உண்மையான அளவான ஃபையை ஒரு மூளைக்குக் கணக்கிடவே முடியாது. அமைப்பை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற எண் அணுக்கள் கூடக்கூடத் தலைதெறிக்க வளர்கிறது. 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள சிறு புழுவுக்குக்கூட முடியாது. 0.31 என்பது ஃபை இல்லை. அதன் தூரத்து உறவு.

எதிரிகள் சேர்ந்து எழுதிய தாள்

முத்தோரை மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா என்றால், ஒன்று நடந்தது. பொதுமேடை, ஒருங்கிணைவு இரு தரப்பும் உட்கார்ந்து, எந்த முடிவு வந்தால் தங்கள் கணிப்பு தோற்றதாகும் என்று தரவு சேர்ப்பதற்கு முன்பே எழுதிக்கொடுத்தார்கள். சோதனையை நடத்தியவை இரு தரப்பையும் சேராத ஆய்வகங்கள். காஜிடேட் கூட்டமைப்பு என்று பெயர். மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ., காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி., வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களின் பதிவு என்று மூன்று வழிகளில் 256 பேர். முகம், பொருள், எழுத்து, பொய்யெழுத்து, ஒவ்வொன்றும் 0.5, 1 அல்லது 1.5 செகண்ட். முழு அறிக்கை 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது.

கணிப்புகள் மோதிய இடம் கால அளவு. படம் திரையில் இருக்கும் வரை பின்பகுதியில் செயல்பாடும் ஒத்திசைவும் தொடர வேண்டும் என்றது ஒருங்கிணைவு. படம் தோன்றும்போது ஒருமுறை, மறையும்போது ஒருமுறை நெற்றிப்பகுதியில் பற்றியெரிய வேண்டும், நடுவில் அடங்கலாம் என்றது பொதுமேடை. வந்த முடிவு: பின்பகுதியில் செயல்பாடு படத்தின் கால அளவுக்கு ஏற்ப நீடித்தது, ஆனால் பின்பகுதிக்குள் நீடிக்க வேண்டிய ஒத்திசைவைக் காணவில்லை. நெற்றிப்பகுதியில் படத்தின் வகை பற்றிய தகவல் இருந்தது. ஆனால் வேறு சில பரிமாணங்கள் அங்கே மிகக் குறைவு, படம் மறையும்போது பற்றியெரிவதும் பொதுவாக இல்லை. இருவருக்கும் அடி. இதற்கு முன்னோட்ட முடிவுகள் 2023-ல் வெளியானபோதுதான், பிரக்ஞையின் மூளைத் தடயம் 25 ஆண்டுக்குள் தெளிவாகிவிடும் என்று 1998-ல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸுடன் கட்டிய பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டு நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததுதான் பாடம். இரு தரப்பும் விலகவில்லை. மின்முனைகள் பின்பகுதியை முழுதாக மூடவில்லை, ஒத்திசைவு தப்பியிருக்கலாம் என்றது ஒரு தரப்பு. எல்லாப் படங்களும் தெளிவாகவே தெரிந்தன, தெரிந்ததற்கும் தெரியாததற்குமான ஒப்பீடே இல்லை என்றது மறு தரப்பு. படம் மறைந்ததைப் பங்கேற்பவர் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார் என்ற வாதமும் உண்டு.

இவை சாக்குகளா? கணக்குப் போடலாம். எண்கள் என் ஊகம், முறையைக் கவனியுங்கள். மறைவைக் கவனித்திருந்தால் எரிதல் வர 0.9 வாய்ப்பு என்கிறது பொதுமேடை. எதிர்க் கோட்பாட்டின்படி 0.1. எரிதல் வரவில்லை. எல்லோரும் கவனித்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், வராமல்போக வாய்ப்பு 0.1-க்கு எதிராக 0.9, விகிதம் 9, பொதுமேடைக்குப் பலத்த அடி. கவனித்தார்களா என்பது பூவா தலையா என்றிருந்தால்? கவனிக்காதபோது எரிதல் வர 0.1 என்று வைத்தால், பொதுமேடையின்படி எரிதலுக்கு மொத்த வாய்ப்பு 0.5. வராமல்போக 0.5-க்கு எதிராக 0.9, விகிதம் 1.8. ஒரே தரவு, ஒரே முடிவு. சோதிக்காமல் விட்ட ஒரு துணை ஊகம் 9-ஐ 1.8 ஆக்கிவிட்டது. எனவே வாதம் செல்லும். ஆனால் அதைத் தரவு வந்தபின் எழுப்பாமல், தாளில் முன்பே எழுதி, பத்தில் ஒரு முறை "படம் எப்போது மறைந்தது?" என்று கேட்கவும் வைத்திருந்தால் அது அளவாகியிருக்கும்.

2023 செப்டம்பரில் 124 ஆய்வாளர்கள் ஒருங்கிணைவுக் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று திறந்த மடல் எழுதினார்கள். அந்தக் கோட்பாட்டின் சில முடிவுகள், எதுவும் கணக்கிடாமல் சும்மா இருக்கும் கம்பிவலைக்கும் பிரக்ஞை உண்டு என்பது உட்பட, எனக்கும் விழுங்க முடியாதவை. ஆனாலும் மடல் எந்த விகிதத்தையும் மாற்றவில்லை. தோற்கக்கூடிய கணிப்பை எழுதிக்கொடுத்து, அதில் ஒன்றில் தோற்றும் காட்டிய கோட்பாட்டை அப்படி அழைப்பது பொருந்தவும் இல்லை.

கோத்தகிரிப் பக்கம் பாறைகளில் கூடுகட்டும் மலைத்தேனீக்கு உணர்வு உண்டா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு கோட்பாடும் ஒவ்வொரு விடை சொல்லும். அந்த விடைகளைக்கொண்டு கோட்பாடுகளை எடைபோட முடியாது, ஏனென்றால் தேனீ பற்றிய உண்மையை அறிய அந்தக் கோட்பாடுகளைத் தவிர வேறு அளவுகோல் கையில் இல்லை. முதலில் பேசக்கூடிய மனிதரிடம் தீர்க்க வேண்டும்.

அப்படித் தீர்க்க நினைக்கும் குழு, இ.இ.ஜி. தொப்பிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை இவை. போட்டியிடும் இரண்டு கோட்பாடுகள். மூன்றாவது வேண்டாம், தாள் குழம்பும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எத்தனை மில்லிசெகண்டுக்குள், எந்தத் திசையில் மாற்றத்தை எதிர்பார்க்கிறது. அதற்குப் பக்கத்தில் வாய்ப்பு எண். அதை அந்தக் கோட்பாட்டை நம்புகிறவரே போடவேண்டும், எதிரி போடக்கூடாது. கணிப்பு பலிக்க உண்மையாக இருந்தாக வேண்டிய துணை ஊகங்கள், ஒவ்வொன்றையும் அளக்கும் வழி. விடை சொல்லும் சுற்றும் சொல்லாத சுற்றும், அதே படங்களோடு. எத்தனை முறை, எத்தனை பேர், யாரைக் கழிப்போம் என்ற விதி. கழிப்பதற்கான அளவையும் ஆய்வுக்கான அளவையும் ஒரே தரவிலிருந்து எடுக்கக்கூடாது. பகுப்பாய்வு நிரலை முதலில் போலித் தரவில் ஓட்டிப் பார்த்துப் பூட்டிவிட வேண்டும். இருதரப்பும் கையெழுத்திட்டு, தேதியோடு, இருவரையும் சேராத மூன்றாவது ஆய்வகத்திடம் கொடுத்துவிட வேண்டும்; தரவைத் திறப்பதும் அவர்கள்தான்.